இன்னும் கொஞ்சம்!

"ஸ்மோர்" என்னும் சொல்லைக் கேட்டவுடனே, பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கும் ஒரு செம்பு நீர்மோர் நம் வீட்டு ஸ்திரீகளின் நினைவுக்கு வருமாயின், அது அவர்கள் குற்றம் ஆகாது. ஆயினும் மோருக்கும் இந்தப் பண்டத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. அமெரிக்க தேசத்தில், காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள், இராக்காலத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தங்கள் கையாலேயே செய்து, விரல்களையும் மோவாய்க்கட்டையையும் பிசுபிசுவென்று ஆக்கிக்கொண்டு தின்னும் ஒரு தித்திப்புக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் "ஸம் மோர்" என்றால் "இன்னும் கொஞ்சம்" என்று அர்த்தம். அவ்விரண்டு சொற்களும் குழந்தைகளின் வாயில் அகப்பட்டுக் குழைந்து ஒரே சொல்லாகிவிட்டன. நம் பந்திகளில் பாயசப் பாத்திரத்துடன் நிற்பவர்தான் "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்பார், "போதும், போதும்" என்று இலையின் மேல் கையை விரித்து மறைப்பது உண்பவரின் மரியாதை. அமெரிக்கக் குழந்தைகளுக்கு அந்த உபசாரமெல்லாம் தெரியாது. கேட்க வேண்டியதையே பண்டத்துக்குப் பெயராக வைத்துவிட்டால் வேலை சுலபம் அல்லவா?

செய்முறையை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். கிரஹாம் பிஸ்கோத்து என்னும் சதுரமான கோதுமைப் பிஸ்கோத்து ஒன்றின் மேல் ஒரு துண்டு சாக்லேட்டை வைக்க வேண்டும். மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாயைக் குச்சியில் குத்தித் தணலில் வாட்டி, மேற்புறம் பொன்னிறமாகி உள்ளே இளகியதும், அந்தச் சாக்லேட்டின் மேல் இறக்கி, இன்னொரு பிஸ்கோத்தால் மூடி அமுக்கிக்கொண்டு குச்சியை உருவிவிட வேண்டும். மிட்டாயின் சூட்டில் சாக்லேட்டும் இளகும். பிறகு கடிக்க வேண்டியதுதான். பாக சாஸ்திர நிபுணர்கள் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கொடுப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

அப்படியிருக்க, இந்த வாரம் நம் பகுதி முழுவதையும் இதற்கே ஏன் ஒதுக்கினோம் என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் கோடை விடுமுறையில் பள்ளித் தோழர்களுடன் முகாமுக்குப் போய்வந்து, வீட்டிலும் இதைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். பேரக் குழந்தைகளைப் பார்க்க ஊரிலிருந்து போயிருக்கும் பாட்டிமார்கள், "அந்த வெள்ளை மிட்டாயில் ஏதோ எலும்புச் சத்து சேர்ந்திருக்கிறதாமே, வாயில் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான், இந்தச் சின்னஞ்சிறு பண்டத்துக்குள்ளே பிஸ்கோத்துக்கு ஒரு கதை, மிட்டாய்க்கு ஒரு கதை, சாக்லேட்டுக்கு ஒரு கதையாக மூன்று கதைகள் ஒளிந்திருப்பதைக் கண்டோம். மூன்றிலும் பிஸ்கோத்தின் கதை நம்மை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏனெனில் அது ஒரு சீர்திருத்தக்காரரின் கதை. ஓரளவு பரிதாபமான கதையுங்கூட.

ஸில்வெஸ்டர் கிரஹாம் என்பவர் 1794-ஆம் ஆண்டில் கனெக்டிகட் ராஜ்யத்தில் பிறந்தார். தகப்பனாருக்கு அப்போது வயது 72. அவருக்கு இவர் 17-வது குழந்தை. பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது தகப்பனார் காலமாகிவிட்டார். அங்கும் இங்குமாக வளர்ந்த அந்தப் பையன் எப்போதும் நோஞ்சானாகவே இருந்தான். தேக சுகம் இல்லாதவர்கள் இரண்டு வகை. சிலர் வைத்தியரைத் தேடுவார்கள். சிலர் தாங்களே உலகத்துக்கு வைத்தியராகிவிடுவார்கள். கிரஹாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். 1826-ல் பாதிரியாராகி, 1830-ல் பிலடெல்பியாவில் மதுவிலக்குச் சங்கத்தின் பிரசாரகரானார். குடியை ஒழிக்கப் புறப்பட்டவர், மனிதன் ஏன் குடிக்கிறான் என்று காரணத்தைத் தேடிக்கொண்டே போய், கடைசியில் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

அவர் கண்ட முடிவு இது: உடம்பைக் கிளறிவிடும் உணவுதான் மனத்தையும் கிளறிவிடுகிறது. ஆகையால் மாமிசம் கூடாது; சாராயம் கூடாது; காப்பியும் தேயிலையும் கூடாது; மிளகு, கடுகு முதலிய காரசாரங்கள் அறவே கூடாது. தண்ணீரும் பழமும் காய்கறியும் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கெட்டிப் படுக்கையில் உறங்க வேண்டும்; பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். மிளகாயும் புளியும் இல்லாமல் ஒரு வேளை கூடக் கழியாத நம்மை அவர் பார்த்திருந்தால், தமிழ்நாடு முழுவதையும் ஒரு பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றே முடிவு கட்டியிருப்பார்.

ஆனால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய மனிதர் அல்லர் அவர். ரொட்டியைப் பற்றி அவர் சொன்னவை வேறு ரகம். பட்டணங்கள் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் ரொட்டி சுடும் வழக்கம் போய், கடை ரொட்டி வாங்கும் வழக்கம் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர்களோ தவிட்டை நீக்கிச் சலித்த வெள்ளை மாவையே உபயோகித்தார்கள். சிலர் வெண்மையும் எடையும் கூடுவதற்காகப் படிகாரமும் சுண்ணாம்புத் தூளும் கலந்தார்கள். கிரஹாம் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். நல்ல நிலத்தில் விளைந்த கோதுமையை முழுதாக அரைத்து, சலிக்காமல், வீட்டிலேயே தாய்மார் கையால் சுட்ட ரொட்டிதான் ரொட்டி என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். 1837-ல் ரொட்டியைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார். தவிட்டிலும் முளைக்கருவிலும் நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் இருக்கின்றன என்பது இன்று பள்ளிக்கூடத்துப் பாடம். வைட்டமின் என்ற வார்த்தையே பிறவாத காலத்தில் அவர் அதை ஒரு தினுசான பக்தியினால் கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டும்.

ரொட்டிக்காரர்களும் கசாப்புக்காரர்களும் சும்மா இருப்பார்களா? அதே 1837-ல் பாஸ்டன் நகரில் அவர் பேச வந்தபோது அவர்கள் கும்பல் கூடிக் கலகம் செய்தார்கள். கிரஹாமின் சீடர்களும் சளைக்கவில்லை. அஹிம்சா உணவுக்காரர்களாயிற்றே என்று எண்ணி வந்தவர்களின் தலையிலே, மேல் மாடி ஜன்னல்களிலிருந்து நீற்றுச் சுண்ணாம்பை வாரி வாரிக் கொட்டினார்கள். ரொட்டியில் சுண்ணாம்பு கலந்தவர்களுக்கு அது பொருத்தமான வரவேற்பு என்று யாராவது அப்போது சொன்னார்களா என்பது நமக்குத் தெரியாவிட்டாலும், சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசையாயிருக்கிறது. கலகம் அடங்கியது, சீடர்கள் பெருகினார்கள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அவருடைய பத்தியத்தை அனுசரிக்கும் போஜன விடுதிகள் ஏற்பட்டன. எமர்ஸன் போன்ற ஞானிகள் கூட அவரைக் கேலி செய்து எழுதினார்கள். கேலி செய்யும் அளவுக்காவது அவர் பெயர் பரவியிருந்தது என்று ஆகிறதல்லவா? 1850-ல் அமெரிக்க மரக்கறி உணவுச் சங்கம் தோன்றியபோது அதை ஸ்தாபித்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே, 57-வது வயதில், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் நார்தாம்டன் என்னும் ஊரில் இறந்துபோனார்.

இங்கே நம் நேயர்களுக்கு உவப்பளிக்கக்கூடிய ஒரு செய்தி. மகாத்மா காந்தி 1888 முதல் 1891 வரை லண்டனில் மாணவராக இருந்தபோது மரக்கறி உணவைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தார் என்பது அவருடைய சுய சரிதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவற்றுள் ஒன்று ஹோவர்ட் வில்லியம்ஸ் என்பவர் 1883-ல் வெளியிட்ட, உணவு தர்மத்தைப் பற்றிய நூல். மாமிசம் நீக்கிய பெரியோர்களின் வரலாறுகள் அடங்கிய அந்த நூலில் நமது பிஸ்கோத்துக்காரரின் வரலாறும் இருக்கிறது. பிற்காலத்தில் ஜோஹானஸ்பர்க்கில் காந்தியடிகள் ஏழு பவுன் கொடுத்து ஒரு கை இயந்திரம் வாங்கி, வீட்டாரெல்லாம் முறை போட்டுக் கோதுமை அரைத்து, சலிக்காத மாவில் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். அது கூனே என்ற ஜெர்மானியரின் முறைப்படி செய்தது. கிரஹாமின் நேரான உபதேசம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் சல்லடைக்குப் பகைவர்களான அந்தப் பரம்பரையில் கிரஹாம் ஒரு மூதாதை என்பதில் சந்தேகம் இல்லை.

இனி அந்தப் பரிதாபத்துக்கு வருவோம். கிரஹாம் தம் பெயரால் மாவு விற்கவில்லை, பிஸ்கோத்தும் விற்கவில்லை. அவருடைய கொள்கைப்படி அரைத்த மாவுக்கு ஜனங்கள் "கிரஹாம் மாவு" என்று பெயரிட்டார்கள். அந்த மாவில் சுட்ட பிஸ்கோத்து "கிரஹாம் பிஸ்கோத்து" ஆயிற்று. ஆரம்பத்தில் அது ருசியற்ற, மொரமொரப்பான, ஒரு விரதப் பண்டமாகவே இருந்திருக்கும். 1898-ல் தேசிய பிஸ்கோத்துக் கம்பெனி ஏற்பட்டு, பெரிய யந்திரங்களைக் கொண்டு அதை நாடெங்கும் விற்கத் தொடங்கியது. 1925 வாக்கில் தேனும் சேர்ந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கிரஹாம் பிஸ்கோத்துகள் பலவற்றில், எந்த வெள்ளை மாவை எதிர்த்து அவர் கலகக் கும்பலின் முன் நின்றாரோ அந்த வெள்ளை மாவும், சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்திருக்கின்றன. அது போதாதென்று, அதன் தலையில் சாக்லேட்டை வைத்து, அதற்கும் மேலே மிருகங்களின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை கலந்த மிட்டாயை வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குழந்தைகள் கேட்கிறார்கள்! போதும் என்ற சொல்லை உபதேசிப்பதிலேயே ஆயுளைக் கழித்த மனிதருக்கு இப்படி ஒரு ஞாபகச் சின்னம். அவர் வாழ்ந்த வீட்டிலும் பிற்காலத்தில், அவர் பெயரையே சூட்டிக்கொண்டு, ஒரு சிற்றுண்டிச்சாலை நடந்தது.

இதில் நாம் யார் பக்கம்? ரொட்டி விஷயத்தில் முற்றிலும் கிரஹாம் பக்கம். நாக்கு விஷயத்தில் அவரோடு போக நம்மால் இயலவில்லை. நாவின் சுவையையே பாவத்தின் வாசல் என்று அவர் அடைத்துவிட்டார். அடைத்த வாசலுக்குப் பக்கத்திலேயே வியாபாரிகள் கடை விரித்தார்கள். தவிட்டு ரொட்டியையே ருசியாகச் செய்யும் வித்தையை அவர் நாலு தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்திருந்தால், அவருடைய பிஸ்கோத்துக்குத் தேன் பூசும் பாக்கியம் கம்பெனிக்காரர்களுக்குக் கிடைத்திராது.

மிட்டாயின் கதையில் மனிதர்களைவிடச் செடிகளே சுவாரஸ்யமானவை. மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர். ஐரோப்பாவின் உப்பங்கழிச் சதுப்புகளில் வளர்வது. நம் ஊர்த் துத்தி, செம்பருத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் அதற்குப் பங்காளிகள். வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் ஒட்டும் வழவழப்பை நினைத்துக்கொண்டால், அந்தச் செடியின் வேரில் என்ன இருக்கிறது என்று விளங்கிவிடும். தொண்டைக் கமறலுக்கும் இருமலுக்கும் அந்த வேரின் வழவழப்பை மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் அதைச் சர்க்கரையோடும் முட்டையின் வெள்ளைக் கருவோடும் சேர்த்து நுரைக்க அடித்து, மருந்தை விருந்தாக்கினார்கள். கையால் அடித்து அடித்து அலுத்துப்போயிற்றோ என்னவோ, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வேரை விட்டுவிட்டு ஜெலட்டின் என்னும் பசையைச் சேர்க்கத் தொடங்கினார்கள். செடி போய்விட்டது, செடியின் பெயர் மட்டும் மிஞ்சியது. 1948-ல் அலெக்ஸ் டூமாக் என்னும் அமெரிக்கர், பாகைக் குழாய் வழியே கயிறு போல் பிதுக்கித் துண்டு துண்டாக வெட்டும் யந்திர முறையைக் கண்டுபிடித்த பிறகு அது மூட்டை மூட்டையாகப் பெருகிவிட்டது. நம் இடியாப்ப உழக்கின் தத்துவந்தான். அளவு மட்டும் ராட்சத அளவு.

இன்னொரு விநோதம்: சாக்லேட்டுக்கு மூலமான கோக்கோ மரத்தையும் தாவர சாஸ்திரிகள் இன்று அதே பருத்திக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஸ்மோருக்குள் சாக்லேட்டும் மார்ஷ்மெல்லோவும் சந்திப்பது, பெயரளவிலாவது, நெடுநாள் பிரிந்த உறவினர் சந்திப்பு.

இப்போது பாட்டிமார்களின் கேள்விக்கு விடை. ஆம், சந்தேகம் சரியே. சாதாரணமாக அமெரிக்கக் கடைகளில் விற்கும் மார்ஷ்மெல்லோவில் பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. யூதர்களின் ஆசார முத்திரை இருந்தால் தோஷமில்லை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது சரியல்ல. அத்தகைய மிட்டாயில் மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கக்கூடும். முஸ்லிம்களுக்கான முத்திரை பெற்றதில் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். மாமிச சம்பந்தமே கூடாதென்கிறவர்கள் ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசிச் சத்துச் சேர்த்துச் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியின் மேல் அது அச்சிட்டிருக்கும். நம் நாட்டில் விற்பவற்றில் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும். கடற்பாசி என்றதும் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. நமது மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூச்சையடக்கி மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் என்னும் பசை எடுக்கிறார்கள். தமிழ்ப் பெண்களின் உழைப்பு மிட்டாய்க்காரர்களுக்கு அவ்வளவு அன்னியமானதல்ல. பாசி சேர்ந்த மிட்டாயில் சில வகைகள் தணலில் வாட்டும்போது பொன்னிறமாவதற்கு முன்பே இளகிக் குச்சியிலிருந்து நழுவிவிடும் என்பதையும் எச்சரித்துவிடுகிறோம்.

சாக்லேட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனம் அங்கே நீண்ட நேரம் நிற்க மறுக்கிறது. பால் சாக்லேட் பணக்காரர் தின்பண்டமாக இருந்த காலத்தில், பென்ஸில்வேனியாவில் மில்ட்டன் ஹெர்ஷி என்பவர் 1900-ல் அதைக் கட்டிகளாகச் செய்து ஏழைகளும் வாங்கும்படி ஐந்து சென்ட்டுக்கு விற்றார். அதில் வந்த பொருளைக் கொண்டு ஊரே நிர்மாணித்தார். குழந்தைப் பேறு இல்லாத அவரும் அவர் மனைவியும் 1909-ல் அநாதைச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். மனைவி இறந்த பிறகு, 1918-ல், தம் ஆஸ்தியின் பெரும் பகுதியை அந்தப் பள்ளிக்கே தர்மமாக எழுதிவைத்தார். மெச்சத்தக்க காரியம். ஆனால் கோக்கோ பென்ஸில்வேனியாவில் விளைவதில்லை. உலகத்துக் கோக்கோவில் பெரும் பங்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரண்டு நாடுகளில் விளைகிறது. அவ்விரு நாடுகளிலும் கோக்கோ வேலையில் ஈடுபட்ட குழந்தைத் தொழிலாளர் தொகை சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் என்று சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொல்லிற்று. கத்தி பிடித்துக் காய் பிளப்பதும், பாரம் சுமப்பதும் அந்தக் குழந்தைகளின் வேலை. குழந்தை உழைப்பை ஒழிப்பதாகச் சாக்லேட் வியாபாரிகள் அமெரிக்காவில் கையெழுத்திட்டது 2001-ல்! 2024 டிஸம்பரில் கோக்கோ விலை டன்னுக்குப் பன்னிரண்டாயிரம் டாலரையும் தாண்டியது. அந்தப் பணம் எந்தக் கைகளில் போய்ச் சேர்ந்தது என்பது வேறு விசாரணை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும் குழந்தைக்கும், அதே வயதில் காய் பிளக்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பது ஒரு சாக்லேட் உறைதான். அந்த உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது, எங்கே விளைந்த கோக்கோ, எப்படி வாங்கியது என்று படித்துப் பார்த்து வாங்கும் பழக்கம் பெற்றோருக்கு இருக்குமானால் நல்லது. எல்லாக் கம்பெனிகளும் உண்மையைத்தான் எழுதுகின்றன என்று நாம் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் வாங்குகிறவன் கேளாத கேள்விக்கு விற்கிறவன் பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

இந்த மூன்றையும் முதன்முதல் ஒன்று சேர்த்தவர் யார்? அதற்குப் பலர் உரிமை கொண்டாடுவதில் அர்த்தமில்லை. மூன்றும் ஏற்கெனவே ஒன்றை யொன்று தேடிக்கொண்டிருந்தன. பிஸ்கோத்தின் மேல் மார்ஷ்மெல்லோவை வைத்துச் சாக்லேட்டில் தோய்த்த பண்டம் 1913-லேயே கடைக்கு வந்துவிட்டது. 1917-ல் டென்னஸி ராஜ்யத்தில் "சந்திர அப்பம்" என்ற பெயரில் அதே தினுசில் இன்னொன்று வந்தது. ஆனால் அவை கடையில் செய்து கடையில் விற்றவை. நெருப்பையும் குச்சியையும் குழந்தைகளின் கையில் கொடுத்தது சாரணியர் இயக்கம்.

அந்த இயக்கத்தை அமெரிக்காவில் துவக்கியவர் ஜூலியட் கார்டன் லோ என்னும் மாதரசி. ஜார்ஜியா ராஜ்யத்தில் ஸவானா நகரத்தவர். காது அநேகமாகக் கேட்காது; வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது; கணவர் காலமாகிவிட்டார். இந்த நிலையில் 1912 மார்ச் 12-ந் தேதி 18 சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு அவர் ஆரம்பித்தார். அமெரிக்க ஸ்திரீகளுக்குத் தேசமெங்கும் வோட்டுரிமை கிடைத்ததே 1920-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பெண் குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துப்போய் நடக்கவும், கூடாரம் அடிக்கவும், தீ மூட்டவும், இரவில் நட்சத்திரம் பார்க்கவும் பழக்கியது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். லோ அம்மையார் 1927 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டில் சாரணியரின் நடைப் பயணங்களைப் பற்றி வெளியான ஒரு கைப்புத்தகத்தில்தான் "ஸம் மோர்" என்ற பெயருடன் இந்தப் பண்டத்தின் செய்முறை முதன்முதலாக அச்சில் காணப்படுகிறது.

அதில் கண்ட அளவு: எட்டுப் பேருக்கு 8 குச்சிகள், 16 கிரஹாம் பிஸ்கோத்துகள், 8 சாக்லேட் கட்டிகள், 16 மார்ஷ்மெல்லோக்கள். தலைக்கு ஒரு முழுச் சாக்லேட் கட்டி, இரண்டு மிட்டாய்! பெயர் "இன்னும் கொஞ்ச"மாயிருந்தாலும் உண்மையில் ஒன்றே போதும் என்று அந்தப் புத்தகமே புத்திமதி சொல்லியிருக்கிறது. அளவைப் பார்த்தால் அது புத்திமதியல்ல, வைத்தியம் என்றே தோன்றுகிறது. பெயர் சுருங்கி "ஸ்மோர்" ஆனது அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள். இப்போது வருஷந்தோறும் ஆகஸ்டு 10-ந் தேதியை அந்நாட்டார் ஸ்மோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு தினம் உண்டு.

கடைசியாக, வாட்டும் வித்தை. இதில் அவசரம் உதவாது. அவசரக்காரன் குச்சியை ஜ்வாலைக்குள் நீட்டுகிறான், மிட்டாய் தீப்பந்தமாகிறது, வெளியே கரி, உள்ளே பச்சை. ஜ்வாலை அடங்கிச் செந்தணலாகும் வரை காத்திருக்க வேண்டும். மார்ஷ்மெல்லோவின் கன அளவில் பாதிக்கு மேல் காற்றுதான். சூடேற ஏறக் காற்று விரிந்து, மிட்டாய் பூரி போல் உப்பும். அதிலுள்ள பசை நம் உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும். சர்க்கரை பொன்னிறமாவதற்கோ அதைப்போல் நாலைந்து மடங்கு சூடு வேண்டும். தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, கைத்தறியில் நூல் சுற்றுவது போல் நிதானமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே இளகும் நேரமும் வெளியே சிவக்கும் நேரமும் ஒத்துவரும். கருகியதைத்தான் தின்பேன் என்று ஒரு கட்சி அமெரிக்காவில் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. அடிப்பிடித்த பால்கோவாவுக்கு நம் வீடுகளில் சண்டை போடுகிறவர்கள் இல்லையா? சாக்லேட் வைத்த பிஸ்கோத்தை முன்னதாகவே நெருப்போரக் கல்லின் மேல் வைத்துச் சற்றுச் சூடேற்றிக்கொள்வது உசிதம்.

மிட்டாய் தீப்பற்றினால் வாயால் ஊதி அணைக்க வேண்டும். குச்சியை உதறினால் எரியும் பாகு பறந்து பக்கத்துக் குழந்தையின் மேல் விழும். வெந்நீரைப் போல் வழிந்தோடாமல் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். குச்சி கை நீளத்துக்கு மேல் இருக்கட்டும். கண்ட செடியில் ஒடிக்கக் கூடாது. அரளி அமெரிக்காவின் வெப்பமான பிரதேசங்களில் சாலையோரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. அதன் குணம் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேசிய வனங்கள் பலவற்றில் பச்சைக் கிளை ஒடிப்பதே குற்றமாகையால், மரப்பிடி போட்ட இரும்புக் கம்பியே மேல்.

மேற்கு ராஜ்யங்களில் கோடைக்காலத்தில் காட்டுத் தீப் பயத்தினால் வெளியில் நெருப்பு மூட்டுவதையே பல நாட்களில் தடை செய்துவிடுகிறார்கள். 1944 முதல் ஸ்மோக்கி என்னும் கரடியின் படத்தை ஊரெல்லாம் ஒட்டிப் பிரசாரம் நடத்திவரும் தேசம் அது. அப்படிப்பட்ட நாட்களில் பிஸ்கோத்தின் மேல் மிட்டாயை அடுக்கி, வீட்டு அடுப்பின் மேற்சூட்டில் இரண்டொரு நிமிஷம் வைத்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தை விட்டு நகரக் கூடாது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகிவிடும். ருசி அதேதான். குழந்தைகளின் முகத்தில் தணலின் வெளிச்சம் இராது, அவ்வளவே வித்தியாசம்.

வெளியில் மூட்டுவதாயின், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டே மூட்ட வேண்டும். எல்லோரும் தின்று, பாடி, கதை சொல்லி முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் தணலின் மேல் விட்டு, குச்சியால் கிளறி, மறுபடியும் விட வேண்டும். பிறகு சாம்பலுக்கு மேலே புறங்கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். சூடு தட்டினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர்.